திருவல்லிக்கேணி மாடிக் கடை: பி.டி.எஃப். இருந்தும் பழைய புத்தகத்துக்கு ஏன் காசு கொடுக்கிறேன்

பாரதி சாலையில் ஜாம்பஜாரைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் வரும்போது பிரியும் சந்துகளில் ஒன்று. கீழே பைண்டிங் பட்டறை, மேலே புத்தகக் கடை. பலகை கிடையாது. படிக்கட்டில் கோந்து வாசனை அடித்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். தன் பெயரோ தொலைபேசி எண்ணோ இணையத்தில் வருவது கடைக்காரருக்குப் பிடிக்காது. “விசாரிச்சு வர்றவங்க வரட்டும் தம்பி” என்பார். அதனால் எல்லோரும் அவரைக் கூப்பிடுகிறபடி பாய் என்றே எழுதுகிறேன்.

பதினோரு வருடமாக இங்கே போய் வருகிறேன். போன மாதம் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் கேட்டாள்: “இதெல்லாம் முழுசா நெட்ல ஃப்ரீயா இருக்கேப்பா, அப்புறம் எதுக்கு ஆயிரக்கணக்குல குடுக்கிற?” நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. கடையைப் பற்றி எழுதுகிற சாக்கில் அவளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

என் அப்பா ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் கம்போசிட்டராக, அதாவது ஈய எழுத்துகளைக் கோக்கிறவராக, இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பழைய புத்தகக் கடைகள் இருந்த மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போவார். 1985 மே மாதம் அது எரிந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பாயின் தகப்பனாருக்கு அங்கே ஒரு கடை இருந்தது. எரிந்த பிறகு நடைபாதையில் பல வருடம் விரித்து வைத்திருந்தார்கள், அப்புறம்தான் இந்த மாடி. நான் இப்போது கணினியில் பக்கம் வடிவமைக்கும் வேலை செய்கிறேன். ஈய எழுத்தில் அச்சான தாளைக் கையில் எடுத்தால் முதலில் பின்பக்கத்தைத்தான் தடவிப் பார்ப்பேன், அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். நன்றாக அழுத்தி ஓட்டிய தாளென்றால் எழுத்தின் தடம் விரலுக்குத் தெரியும்.

கடை ஒரே அறைதான், நடுவில் ஒரு துணித்திரை. திரைக்கு வெளியே இருப்பவை ஒரு மாதிரி, உள்ளே இருப்பவை வேறு மாதிரி. முன்பு இந்தப் பிரிவு இல்லை. பாயின் பேரன் கைபேசியில் தேடிக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் வந்தது. ஒரு புத்தகம் கடைக்கு வந்தவுடன் பேரன் அதை இணைய நூலகங்களில் தேடுகிறான். கிடைத்துவிட்டால் பின்னட்டையின் உட்புறத்தில், விலைக்குப் பக்கத்தில், பென்சிலால் ‘நெ’ என்று சின்னதாக எழுதிவிடுகிறார் பாய். நெட்டில் இருக்கிறது என்று பொருள். வாங்க வருகிறவரிடம் அதை மறைப்பதே இல்லை. “படிக்கத்தான்னா உங்க போன்லயே இருக்கு, வேணுமா யோசிச்சுக்குங்க” என்று வியாபாரத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். இந்த ஒரு குணத்துக்காகவே இந்தக் கடையை யாருக்கும் தயங்காமல் சொல்லுவேன்.

‘நெ’ போட்டவற்றில் பெரும்பாலானவை திரைக்கு வெளியே வந்துவிட்டன, விலையும் இறங்கிவிட்டது. அகராதிகள், சித்த வைத்திய நூல்கள், சைவ சித்தாந்த உரைகள், இலக்கண உரைகள். முன்பெல்லாம் இவற்றைத் தேடி வந்தவர்கள் வைத்தியர்கள், தமிழாசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள். அவர்களுக்கு வேண்டியது உள்ளே இருக்கும் விஷயம். பழைய தாளும் பழைய அட்டையும் அவர்களுக்குத் தொந்தரவுதான். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் அநுபந்தம். அந்த முழு செட்டை நான் வேறோர் இடத்தில் ஏழாயிரம் கொடுத்து வாங்கியபோது மலிவாகக் கிடைத்ததாகச் சந்தோஷப்பட்டேன். போன வருடம் இதே கடையில் அதைவிட நல்ல நிலையில் இருந்த ஒரு செட் மூன்றாயிரத்து ஐந்நூறுக்குப் போனது. அதுவும் பல மாதம் கிடந்த பிறகு. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் அதே லெக்சிகனில் சொல்லை அடித்தால் நொடியில் வந்து நிற்கிறது. நானே வேலை நேரத்தில் அங்கேதான் பார்க்கிறேன். அலமாரியிலிருந்து தொகுதியை இறக்கி மாதங்கள் ஆகிவிட்டன.

ஆக, இணையப் பிரதியால் பழைய புத்தகத்தின் விலை விழுமா என்றால், விழும். நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் எல்லாப் புத்தகத்துக்கும் விழவில்லை. திரைக்கு உள்ளே போனால் அது தெரியும்.

அபிதான சிந்தாமணி வாங்கிய கதையைச் சொல்கிறேன். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அந்தக் கலைக்களஞ்சியம் முதலில் 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. இன்னும் பெரிதான இரண்டாம் பதிப்பு 1934இல், அவர் மறைவுக்குப் பிறகு. டெல்லிப் பதிப்பகம் ஒன்று அந்த இரண்டாம் பதிப்பை அப்படியே ஒளிப்படமெடுத்துப் பல தடவை மறுபதிப்பு செய்திருக்கிறது, இன்று இணையத்திலும் முழுதாகக் கிடைக்கிறது. ஆகவே படிக்க யாரும் 1934 பிரதியைத் தேட வேண்டியதில்லை. நான் தேடியதற்குக் காரணம் அப்பா. அவர் வேலை பார்த்த அச்சகத்தில் புரூப் திருத்துகிறவர் மேசையில் அது இருக்குமாம். புராணப் பெயர் எதிலாவது சந்தேகம் வந்தால் அந்தத் தடிப் புத்தகத்தைப் புரட்டத்தான் எல்லோரும் போவார்களாம். அந்த அச்சகம் மூடியபோது அது எங்கே போனதென்று தெரியவில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பாயிடம் ஒரு பிரதி வந்தது. விலை ஆறாயிரத்து ஐந்நூறு சொன்னார். ‘நெ’ இருந்தது. நான் முதல் நாள் இரவே கோப்பைக் கைபேசியில் இறக்கி வைத்திருந்தேன். மாடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கைபேசித் திரையில் ஒரு பக்கம், கையில் ஒரு பக்கம் என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். பழைய புத்தகம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நூலின் உடம்பில் பக்க எண் தொடர்ந்து ஓடுவதால் அங்கே தாள் விழுந்திருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். ஏமாற்றுவது முன்பகுதியும் கடைசிப் பகுதியும்தான். முகவுரை, சிறப்புப்பாயிரம், பிழைதிருத்தம், படங்கள் ஆகியவற்றுக்குத் தனி எண் இருக்கும், பல சமயம் எண்ணே இருக்காது. இரண்டு தாள் போயிருந்தாலும் போனதே தெரியாது. அச்சகத்துக்காரர்கள் ஃபாரம் எண்ணை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். ஒரு பெரிய தாளை மடித்து வரும் பக்கக் கட்டுக்கு ஃபாரம் என்று பெயர், அதன் முதல் பக்கத்து அடியில் பொடி எழுத்தில் எண் இருக்கும். ஆனால் முன்பகுதியில் அதுவும் பெரும்பாலும் இருக்காது. அங்கே கைகொடுப்பது ஸ்கேன் பிரதி ஒன்றுதான்.

முகவுரைப் பகுதியில் இரண்டு தாள் இல்லை. பாயிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் கைபேசியை மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் திருப்பி முதுகுத் தையலைப் பார்த்தார். “இங்க பாருங்க தம்பி, மறுபைண்டு போட்டவன் விட்டிருக்கான். எனக்கே தெரியாது” என்றார். பென்சில் விலையை ரப்பரால் அழித்துவிட்டு நாலாயிரம் என்று எழுதினார். நான் பேரம் பேசவே இல்லை. அதற்குக் கீழே, ‘முகவுரை 2 தாள் இல்லை’ என்றும் எழுதினார். நாளைக்கு என் கையை விட்டு அது வேறொருவரிடம் போனாலும் அவருக்கும் தெரிய வேண்டுமாம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. சேகரிப்பவனுக்கு இணையப் பிரதி ஒரு தராசு. முன்பெல்லாம் முழுப் பிரதி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இன்னொரு முழுப் பிரதியைப் பார்த்திருக்க வேண்டும், அதற்குப் பெரிய நூலகத்துக்கு நடக்க வேண்டும். இப்போது என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. குறையுள்ள பிரதிக்கு முழு விலை கொடுத்த காலம் போனது. அதே காரணத்தால், குறையில்லாத பிரதிக்கு விலை ஏறியிருக்கிறது. தாள் குறையாத 1934 பிரதி ஒன்று பிறகு இதே கடைக்கு வந்து ஒன்பதாயிரத்துக்குப் போனதைப் பார்த்தேன்.

இணையத்தால் வந்த கெடுதலையும் சொல்லத்தான் வேண்டும். அது இந்தக் கடையில் நடந்ததில்லை. வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம் தொலைபேசி வழியாக, நூறு வருடத்துக்கு முன் அச்சான ஒரு தலபுராணத்தை மூவாயிரத்து இருநூறு கொடுத்து வாங்கினேன். படத்தில் பார்க்கப் பழுப்பாக, அரித்து, அழகாக இருந்தது. பார்சலைப் பிரித்து முதல் பக்கத்தில் ஒரு பூச்சித் துளையின் மேல் விரலை வைத்தேன். துளை இல்லை. துளையின் கறுப்புப் புள்ளி மட்டும் அச்சாகியிருந்தது. நூலக முத்திரையும் அப்படியே, ஊதா மையாக இருக்க வேண்டியது கறுப்பாக, எழுத்தோடு எழுத்தாக. தாளின் பின்பக்கத்தைத் தடவினேன், கண்ணாடி போல வழுவழு. யாரோ இணையத்திலிருந்து இறக்கி, பழுப்புத் தாளில் அச்சடித்து, காலிக்கோ துணியில் பைண்டு போட்டு, மூலம் என்று விற்றிருக்கிறார்கள். பணம் திரும்பி வரவில்லை. அந்தப் பிரதியைப் பாயிடம் கொடுத்துவிட்டேன். புதிதாக வாங்க வருகிற பையன்களுக்குக் காட்டுவதற்காக மேசைமேலேயே வைத்திருக்கிறார். முதலில் துளையைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்.

அவர் சொல்லிக் கொடுக்கும் இன்னும் சில அடையாளங்கள். விலை ரூபாய் அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது என்று பெரும்பாலும் நம்பலாம். நயா பைசா என்றிருந்தால் அதற்கடுத்த ஏழெட்டு வருடங்களுக்குள். லை, னை, ளை ஆகிய எழுத்துகள் இணைக்கொம்பு இல்லாமல் யானைத் துதிக்கை போல வளைந்து வந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வார்ப்பு. ஆனால் பழைய எழுத்தை வைத்திருந்த சில அச்சகங்கள் பிறகும் அதையே ஓட்டின, அதனால் இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பழைய நூல்களில் வருடத்தைச் சர்வசித்து, விகிர்தி என்று தமிழ்ப் பெயரில் போட்டிருப்பார்கள். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

விலை ஏறியவற்றில் என்னை ஆச்சரியப்படுத்தியவை தலபுராணங்களும் குஜிலிப் பாட்டுப் புத்தகங்களும். எட்டுப் பக்கம், பதினாறு பக்கத்தில் மலிவுத் தாளில் அச்சடித்துத் தெருவில் பாடி விற்ற சிந்துகள், கும்மிகள், விபத்துப் பாட்டுகள். இவற்றை ஒரு காலத்தில் கட்டோடு எடைக்குப் போட்டிருக்கிறார்கள். பாயின் தகப்பனாரே போட்டிருக்கிறாராம். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஒருவர் தன் ஊர்ப் பெயரைத் தேடிப் பார்க்கிறார், அந்த ஊர்க் கோயிலுக்கு ஒரு புராணம் அச்சாகியிருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. அடுத்த வாரம் இந்தக் கடைக்கு விசாரித்து வருகிறார். நான் இருந்தபோதே காரைக்குடிப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அப்படி வந்தார். கைபேசியில் முழு நூலும் வைத்திருந்தார். “இதே புக்கு, தாளா ஒண்ணு வேணும், எங்க கோயில்ல வைக்கணும்” என்றார். பாயிடம் அது இல்லை. முகவரியை வாங்கி வைத்துக்கொண்டார்.

காரைக்குடி என்றதும் பக்கத்துக் கோட்டையூர் ரோஜா முத்தையா நினைவுக்கு வருகிறார். மற்றவர்கள் குப்பை என்று தள்ளிய நோட்டீசுகள், நாடக விளம்பரங்கள், பாட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் அவர் வாங்கி வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை நாடு கடத்தாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள், 1994இல். முதலில் நுண்படம் (மைக்ரோஃபிலிம்), பிறகு மின்பிரதி என்று எடுக்கிறார்கள். அப்படிப் படமெடுத்த பிறகும் தாளைக் காப்பாற்றுகிறார்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. ஸ்கேன் வேகமாக முடிய வேண்டும் என்று புத்தகத்தின் முதுகை வெட்டித் தாள் தாளாக்கி இயந்திரத்தில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கீழே பட்டறையிலேயே அதற்காக வந்து கட்டிங் மெஷினில் போடச் சொன்னார்களாம். நல்ல தையலுள்ள பழைய புத்தகம் என்றால் பாய் மாடியிலிருந்து இறங்கிப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறார், சில சமயம் அந்தப் புத்தகத்தை விலை பேசித் தானே வாங்கியும் விடுகிறார். இதை அறிந்தபோது எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை இரண்டு மடங்காகியது.

பழைய காமிக்ஸும் வைத்திருக்கிறார், ஆனால் கொஞ்சம்தான். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் ஆரம்ப இதழ்களுக்கு வருகிற கூட்டம் தனி. அனுமதியில்லாமல் ஸ்கேன் செய்து சுற்றுக்கு விடுவது இங்கேதான் அதிகம். உரிமை உள்ளவர்கள் இன்னும் சிவகாசியிலிருந்து புத்தகம் போட்டுக்கொண்டிருக்கும்போது அதை இறக்கிப் படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, நான் செய்வதில்லை. பாய் சொல்கிற கணக்கு என்னவென்றால், ஸ்கேன் வந்தபோது பழைய இதழின் விலை அசையவில்லை. பதிப்பகமே நல்ல தாளில் மறுபதிப்பு போட்டபோது கதைக்காக வந்தவர்கள் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சின்ன வயதில் கையில் வைத்திருந்த அதே அட்டைதான் வேண்டும் என்கிறவர்கள் மட்டும் இன்னும் வருகிறார்கள்.

இப்போது, மகள் கேட்ட அந்தக் கட்டு. கல்கி வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வன், மணியம் ஓவியங்களோடு, வாரா வாரம் பிரித்தெடுத்து வீட்டார் பைண்டு செய்து வைத்தது. இதைவிட எளிதாகக் கிடைக்கும் தமிழ் நாவல் வேறு உண்டா? 1999இல் நாட்டுடைமையாகி எத்தனையோ பதிப்பகங்கள் போட்டுவிட்டன. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வைக்கும் மதுரைத் திட்டத்தில் ஐந்து பாகமும் இலவசம். மகள் அங்கேதான் படித்தாள், நானும் சந்தோஷப்பட்டேன். அப்படியிருந்தும் தனித்தனியாகப் பைண்டு செய்த நான்கு பாகங்களுக்குப் பதினான்காயிரம் கொடுத்தேன். மூன்றாம் பாகம் இல்லை.

கல்கி பிறகும் இந்தத் தொடரை மறுபடி மறுபடி வெளியிட்டது, வினு, பத்மவாசன் என்று வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். அந்த பைண்டுகளும் சந்தையில் உண்டு, விலை குறைவு. முதல் தடவை வந்ததுதானா என்று பார்க்கக் கதைப் பக்கத்தைவிடப் பின்பக்கம் உதவும். அத்தியாயம் முடிகிற தாளின் மறுபுறத்தில் ஏதாவது விளம்பரம் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். அணாவில் விலை, பழைய டிரங்கு தொலைபேசி எண். என் பிரதியில் ஒரு காப்பித்தூள் விளம்பரத்தின் கீழ்ப்பாதி இருக்கிறது. எழுத்தை மட்டும் தட்டச்சு செய்த கோப்பில் இது எதற்கு வரப்போகிறது?

வீட்டுக்கு வந்து மகளோடு உட்கார்ந்து முதல் பாகத்தைத் திறந்தோம். அட்டைக்குள் ஒட்டிய வெள்ளைத் தாளில் நீல மையில் ஒரு பட்டியல். அந்த வீட்டு அம்மா யாரோ, யாருக்கு எந்தப் பாகம் கொடுத்தேன் என்று எழுதி வைத்திருக்கிறார். மேல வீட்டு அத்தை, 1. டாக்டர் வீட்டுப் பெண், 1, 2. ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரம், 4. திரும்பி வந்ததும் ஒவ்வொரு வரியையும் கோடு போட்டு அடித்திருக்கிறார். கோடு போடாத வரி ஒன்றே ஒன்று. ‘சின்ன மைத்துனர், 3, ஊருக்கு எடுத்துப் போகிறார்.’ மகள் அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அடுத்த தடவை தானும் கடைக்கு வருவதாகச் சொன்னாள்.

கடையில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. கிழிந்த தாளைப் பாய் செலோடேப் போட்டு ஒட்டுகிறார். சில வருடத்தில் அது மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். மெல்லிய ஜப்பான் டிஷ்யூவும் மைதாப் பசையும் வாங்கிக் கொடுத்துவிட்டும் வந்தேன், டப்பா இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. கட்டுகளைச் சணல் கயிற்றால் இறுக்குவதால் ஓரங்கள் வெட்டுப்படுகின்றன. வடக்குச் சுவரில் மழைக்காலத்தில் ஓதம் ஏறும், அந்தச் சுவர் அலமாரியில் எடுக்கிற எதையும் வீட்டில் மற்றவற்றோடு உடனே வைக்காதீர்கள், சில நாள் தனியாகக் காற்றாட விடுங்கள். படம் எடுத்து அனுப்பச் சொன்னால் அனுப்ப மாட்டார். வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய கஷ்டம். படிக்கட்டு செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே பட்டறையில் சொன்னால் புத்தகத்தை இறக்கிக் காட்டுவார்கள்.

விலை நடைபாதையைவிடக் கொஞ்சம் அதிகம், இணையத்தில் கேட்கிறதைவிடக் குறைவு. வெள்ளிக்கிழமை பகலில் பூட்டியிருக்கும், மற்ற நாள் பதினொன்றிலிருந்து இரவு எட்டு வரை. கடைக்குள் சிக்னல் எடுக்காது, பார்க்க நினைக்கிற நூலின் கோப்பை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போங்கள். நேற்று பாய் கூப்பிட்டார். மூன்றாம் பாகம் ஒன்று வந்திருக்கிறதாம், மணியம் படங்கள்தானாம், பைண்டு வேறு நிறமாம். சனிக்கிழமை மகளும் நானும் போகிறோம்.